வகுப்பறைக்குள் ஒரு சந்தை: மேல்நிலைப் பொருளியலில் பாவனைப் பயிற்சிகள்

தேவைக் கோடும் அளிப்புக் கோடும் ஒன்றையொன்று வெட்டும் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்ட இரண்டு நிமிடம் போதும். மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொள்வார்கள். தேர்வில் கேட்டால் அச்சுகளுக்குப் பெயரிட்டு, வெட்டும் இடத்திலிருந்து புள்ளிக்கோடு இறக்கி, சமநிலை விலை என்று எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அதே மாணவரிடம், விலையை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்று கேட்டால், அரசு என்பார், வியாபாரிகள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள் என்பார், அல்லது பேசாமல் நிற்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. படத்தில் இரண்டு கோடுகள் இருக்கின்றனவே தவிர, ஆள் ஒருவர்கூட இல்லை.

பாவனைப் பயிற்சி என்பது அந்தப் படத்துக்குள் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தும் முயற்சி. மாணவர்களில் சிலர் வாங்குபவர்களாகவும் சிலர் விற்பவர்களாகவும் பிரிகிறார்கள். அல்லது ஒரே குளத்தில் மீன் பிடிக்கும் இருபது பேராகிறார்கள். அல்லது ஒரே பொருளுக்கு ஏலம் கேட்கிறார்கள். விதிகளை ஆசிரியர் சொல்கிறார், முடிவுகளை மாணவர்கள் எடுக்கிறார்கள், விளைவு எண்களாகப் பலகையில் ஏறுகிறது. பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இந்த ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல செயல்பாடுகள் புழங்குவதால், முதலில் ஒரு பிரிவினை தேவைப்படுகிறது. வங்கியாளர், விவசாயி, அமைச்சர் என்று வேடம் கொடுத்து எழுதிவைத்த வசனத்தைப் பேசச் சொல்வதும், கணினித் திரையில் வட்டி விகிதத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு கற்பனை நாட்டை ஆளச் சொல்வதும், அட்டைகளைக் கையில் கொடுத்து உண்மையாகவே பேரம் பேசவிடுவதும் பாவனைப் பயிற்சி என்றே அழைக்கப்படுகின்றன. இவற்றைத் தரம் பிரிக்க ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: பாடநூல் சொல்வதற்கு மாறாக நடந்துவிட இதில் இடம் இருக்கிறதா? இடம் இருந்தால் அது சோதனை. மாணவர் அதில் கண்டறிய ஏதோ இருக்கிறது. இடம் இல்லையென்றால் அது விளக்கப்படத்தின் இன்னொரு வடிவம். சுவையாக இருக்கலாம், நினைவிலும் நிற்கலாம், ஆனால் அதிலிருந்து வெளிவருவது ஆசிரியர் உள்ளே வைத்தது மட்டுமே.

இந்த முறையின் வரலாறே பாடநூலுக்கு மாறாக நடந்த ஒரு வகுப்பில்தான் தொடங்குகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் சேம்பர்லின் தம் மாணவர்களுக்கு அட்டைகளைப் பகிர்ந்தளித்து ஒரு பொய்ச் சந்தையை நடத்திவந்தார். வாங்குபவரின் அட்டையில் அவர் கொடுக்கக்கூடிய உச்ச விலையும், விற்பவரின் அட்டையில் அவர் ஏற்கக்கூடிய அடிமட்ட விலையும் எழுதியிருக்கும். அறைக்குள் நடமாடி, இருவர் இருவராகப் பேசி, விலை படிந்தால் ஆசிரியரிடம் வந்து சொல்ல வேண்டும். எல்லா அட்டைகளும் அவருக்குத் தெரியும் என்பதால் சமநிலை விலை என்னவாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு வைத்திருந்தார். சந்தை அங்கே போய்ச் சேரவில்லை. கோட்பாடு சொன்னதைவிட அதிகமான வியாபாரங்களே பெரும்பாலும் நடந்தன. 1948ஆம் ஆண்டு அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, எந்தத் தனியொருவராலும் விலையை அசைக்க முடியாத சந்தையை விவரிக்கும் முழுநிறைப் போட்டிக் கோட்பாட்டின் மீதான தம் ஐயத்துக்கு இதையும் ஒரு சான்றாக வைத்தார்.

அதிகமான வியாபாரம் நடந்தது என்றால் நல்லதுதானே என்று தோன்றும். மாணவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். இந்த இடத்தில் சற்று நின்று எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இருபது மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து விற்பவர்களின் அட்டைகளில் 10, 15, 20, 25, 30, 40, 45, 50, 55, 60 என்று அவரவர் அடக்க விலை எழுதியிருக்கிறது. பத்து வாங்குபவர்களின் அட்டைகளில் அதே எண்களே, அவரவர் கொடுக்கத் தயாராக உள்ள உச்ச விலையாக எழுதியிருக்கின்றன. ஆளுக்கு ஒரு பொருள்தான். விற்பவருக்கு, கிடைத்த விலையில் அடக்கம் போக மீதி ஆதாயம். வாங்குபவருக்கு, உச்ச விலையில் கொடுத்த விலை போக மீதி ஆதாயம். விலை 30க்கும் 40க்கும் இடையில் நின்றால், 30 வரை அடக்கம் உள்ள ஐந்து பேர் விற்பார்கள். 40க்கும் அதற்கு மேலும் கொடுக்கக்கூடிய ஐந்து பேர் வாங்குவார்கள். எந்த விலைக்குப் படிந்தாலும் இந்த ஐந்து வியாபாரங்களின் மொத்த ஆதாயம், வாங்குபவர்களின் 250லிருந்து விற்பவர்களின் 100ஐக் கழித்தால் வரும் 150 புள்ளிகள். இந்த அட்டைகளைக் கொண்டு இதைவிட அதிகமான ஆதாயத்தை யாராலும் உண்டாக்க முடியாது.

இப்போது சேம்பர்லினின் வகுப்பைப்போல் காதோடு காதாகப் பேரம் நடக்கிறது. 60 கொடுக்கக்கூடியவர், அறையில் 10க்கு விற்கக்கூடியவர் இருப்பது தெரியாமல், 55 அடக்கம் உள்ளவரிடம் மாட்டிக்கொள்கிறார். இருவருக்கும் சேர்த்து 5 புள்ளி ஆதாயம். இருவருமே மகிழ்ச்சியோடு கைகுலுக்குகிறார்கள். 55 கொடுப்பவர் 50 அடக்கக்காரரிடமும், 50 கொடுப்பவர் 45 அடக்கக்காரரிடமும் என்று இப்படியே போனால் ஒன்பது வியாபாரங்கள் நடந்து முடியும். ஒன்பதிலும் யாருக்கும் நட்டமில்லை. மொத்த ஆதாயத்தைக் கூட்டினால் 50 புள்ளி. ஐந்து வியாபாரங்களில் 150 கிடைத்திருக்க வேண்டிய அறையில், ஒன்பது வியாபாரங்கள் செய்து 50 சம்பாதித்திருக்கிறார்கள். அனைவரும் சுறுசுறுப்பாக இருந்தார்கள், அறை இரைச்சலாக இருந்தது, ஏறத்தாழ எல்லாருமே விற்றும் வாங்கியும் விட்டார்கள். ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு காற்றில் போய்விட்டது. பொருளியலில் திறன் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இந்தக் கூட்டல் கணக்கைவிடக் கூர்மையாகச் சொல்லும் வரையறை எனக்குத் தெரிந்து கிடையாது. நடைமுறையில் எந்த வகுப்பும் இந்த ஒன்பதை அப்படியே எட்டுவதில்லை. ஆறு, ஏழு என்று நிற்கும். ஆறாவது வியாபாரத்தைப் பலகையில் காட்டி, இது நடந்ததால் யார் யாருக்கு என்ன போயிற்று என்று தேடச் சொல்வதற்கு அதுவே போதும்.

சேம்பர்லினின் அந்தச் சோதனையில் மாணவராகப் பங்கேற்றவர்களில் வெர்னன் ஸ்மித் ஒருவர். பிறகு பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோது, 1956 ஜனவரியில், அதே சந்தையை இரண்டு மாற்றங்களோடு தம் வகுப்பில் நடத்தினார். முதலாவது, தனித்தனியாகப் பேரம் பேசுவதற்குப் பதிலாக, வாங்குபவரும் விற்பவரும் தங்கள் விலையை எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒரு சுற்றோடு முடித்துவிடாமல், அதே அட்டைகளோடு மீண்டும் மீண்டும் சந்தை கூட வேண்டும். இந்த முறை விலைகள் சமநிலைக்கு அருகே வந்து நின்றன. அதிலும் எந்த மாணவருக்கும் பிறர் அட்டை தெரியாது, தேவைக் கோடு அளிப்புக் கோடு என்ற பேச்சே எழவில்லை. 1962இல் இந்தச் சோதனைகளின் தொகுப்பை வெளியிட்ட ஸ்மித், 2002இல் டேனியல் கானமனோடு பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த இரண்டு வகுப்புகளையும் அடுத்தடுத்து நடத்துவதுதான் ஒரு மேல்நிலை ஆசிரியர் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் என்று நான் நினைக்கிறேன். பலர் ஸ்மித்தின் வடிவத்தை மட்டும் நடத்தி, பார்த்தீர்களா, கோட்பாடு சொன்னபடியே விலை வந்துவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். அப்போது சந்தை என்பது தானாக இயங்கும் மந்திரம் என்ற எண்ணமே மாணவருக்கு மிஞ்சும். முதலில் தனிப்பேரத்தில் ஒரு சுற்று, பிறகு உரக்கச் சொல்லும் ஏலத்தில் நான்கு சுற்று என்று நடத்தினால், ஆட்களும் அட்டைகளும் மாறாமல் விதி மட்டும் மாறியதால் விளைவு மாறியதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். விலை எங்கே நிற்கும் என்பதைத் தேவையும் அளிப்பும் மட்டும் தீர்மானிப்பதில்லை, தகவல் எப்படிப் பரவுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்ற செய்தி பாடநூல் படத்தில் இல்லவே இல்லை. 1993இல் கோடே, சுந்தர் என்ற இருவர் ஒரு படி மேலே போய், நட்டத்துக்கு வாங்கவோ விற்கவோ கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டோடு, விலையைக் குருட்டாம்போக்கில் சொல்லும் கணினி நிரல்களை இதே ஏலத்தில் இறக்கிவிட்டார்கள். அவையும் கிடைக்கக்கூடிய ஆதாயத்தில் ஏறத்தாழ முழுவதையும் எடுத்துவிட்டன. வகுப்பில் அதிகம் சம்பாதித்த மாணவர் தம் சாமர்த்தியத்தைப் பற்றிப் பெருமை பேசும்போது சொல்வதற்கு ஏற்ற தகவல் இது.

அதே அட்டைகள் கையில் இருக்கும்போதே வரிப் பாடத்தையும் நடத்திவிடலாம். விற்பவர் ஒவ்வொரு பொருளுக்கும் 20 புள்ளி வரி கட்ட வேண்டும் என்று அறிவிக்கிறோம். அவர்களுடைய அடக்கம் 30, 35, 40, 45, 50 என்று உயர்கிறது. விலை 45ஐ நோக்கி நகர்கிறது. மூன்று வியாபாரங்கள் நடக்கின்றன, நான்காவது இணைக்கு ஆதாயம் எதுவும் மிஞ்சாததால் நடந்தாலும் நடக்கலாம், விட்டாலும் விடலாம். வரிக்கு முன் விலை 35 வாக்கில் நின்றிருந்தால், வாங்குபவர் 10 புள்ளி கூடுதலாகக் கொடுக்கிறார், விற்பவருக்கு வரி போக 25 நிற்கிறது, அதாவது அவருக்கும் 10 குறைகிறது. அடுத்த சுற்றில் வரியை வாங்குபவர் மீது போடப்போவதாக அறிவித்து, இனி வாங்குபவர்தான் முழுச் சுமையையும் சுமப்பாரா என்று எழுதித் தரச் சொன்னால், பெரும்பாலானவர்கள் ஆம் என்றே எழுதுவார்கள். விளையாடிப் பார்த்தால் பேசிப் படியும் விலை 25 அருகே இறங்கும். வாங்குபவர் வரியோடு சேர்த்துக் கொடுப்பது அதே 45. வரி யார் பெயரில் விதிக்கப்படுகிறது என்பதும் யார் தலையில் விழுகிறது என்பதும் வேறு வேறு என்று சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்றை, இரண்டு சுற்றுகள் காட்டிவிடுகின்றன. மூன்றே வியாபாரங்கள் நடந்த சுற்றில் அரசுக்கு 60 புள்ளி போயிருக்கும். நடக்காமல் போன இரண்டு வியாபாரங்களின் 30 புள்ளி அரசுக்கும் போகவில்லை, யாருக்குமே போகவில்லை. விலை உச்சவரம்பையும் இவ்வாறே, 22 புள்ளிக்கு மேல் யாரும் விற்கக்கூடாது என்று அறிவித்துப் பார்க்கலாம்: மூன்று விற்பவர்களைச் சுற்றி ஏழு பேர் நிற்பார்கள், 60 கொடுக்கக்கூடியவர் வெறுங்கையோடு திரும்ப, 25 கொடுக்கக்கூடியவர் முண்டியடித்து வாங்கியிருப்பார்.

சந்தை ஒழுங்காக இயங்குவதைக் காட்டும் பயிற்சியோடு நின்றுவிட்டால் பாடம் ஒருபக்கம் சாய்ந்துவிடும். தனித்தனியாக அனைவரும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டும் கூட்டாக அனைவரும் கெட்டுப்போகும் நிலையையும் மாணவர்கள் அனுபவிக்க வேண்டும். இதற்கு இரண்டு சீட்டுக்கட்டுகள் போதும். இருபது பேருக்கும் இரண்டு சிவப்புச் சீட்டும் இரண்டு கறுப்புச் சீட்டும் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஏதேனும் இரண்டு சீட்டுகளை முகம் காட்டாமல் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். கறுப்புக்கு மதிப்பில்லை. சிவப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் அவருக்கு மட்டும் 4 புள்ளி. பொதுவில் கொடுத்தால் வகுப்பில் உள்ள அனைவருக்கும், கொடுத்தவர் உட்பட, ஆளுக்கு 1 புள்ளி. எல்லாரும் சிவப்பைக் கொடுத்தால் ஆளுக்கு 40 புள்ளி. யாருமே கொடுக்காவிட்டால் ஆளுக்கு 8. ஆனால் மற்ற பத்தொன்பது பேரும் கொடுக்க, ஒருவர் மட்டும் வைத்துக்கொண்டால் அவருக்கு 46. அந்த ஆறு புள்ளிதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

இந்தப் பயிற்சியில் முதல் சுற்று ஆசிரியர் எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே போகும். ஏறத்தாழ பாதிச் சிவப்புகள் பொதுவுக்கு வரும். எல்லாரும் தன்னலக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ளும் எளிய கோட்பாடு இங்கே முதலிலேயே பொய்த்துவிடுகிறது. சுற்றுகள் தொடரத் தொடரக் கொடை மெல்லக் குறையும். ஏன் கொடுப்பதை நிறுத்தினாய் என்று கேட்டால், அதிகம் சம்பாதிக்க வேண்டும் என்று சொல்பவர்களைவிட, நான் மட்டும் ஏன் ஏமாளியாக இருக்க வேண்டும் என்று சொல்பவர்களே அதிகம். இந்த வேறுபாடு முக்கியமானது, இதைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் பேசிக்கொள்ள அனுமதி கொடுத்து, ஆனால் யார் என்ன கொடுத்தார்கள் என்பது இப்போதும் மறைவாகவே இருக்கும் என்று சொல்லி, மீண்டும் ஒரு சுற்று நடத்தினால் கொடை ஏறும். ஒப்பந்தத்தை மீறுவதைத் தடுக்க எந்த வழியும் இல்லாதபோதும், வெறும் பேச்சே ஒத்துழைப்பைக் கூட்டுகிறது என்பது எலினோர் ஆஸ்ட்ரமும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. பொதுவான மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று கேரட் ஹார்டின் 1968இல் எழுதியதற்கும், தாங்களே விதி வகுத்துக்கொண்டு பொது வளங்களைக் காத்துவரும் சமூகங்களை ஆராய்ந்த ஆஸ்ட்ரம் 2009இல் நோபல் நினைவுப் பரிசு பெற்றதற்கும் இடையிலான விவாதம் முழுவதும் இந்த நாற்பது நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

முடிவு முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட பயிற்சிகளுக்கு இப்போது வருவோம். பரவலாக நடத்தப்படும் பணவீக்க ஏலம் அதற்கு நல்ல உதாரணம். மாணவர்களுக்குப் பொய்ப் பணம் கொடுத்துச் சில பொருள்களை ஏலம் விடுவார்கள், பிறகு பணத்தை இரட்டிப்பாக்கி அதே பொருள்களை மீண்டும் ஏலம் விடுவார்கள், விலை ஏறும். ஏறாமல் வேறென்ன செய்யும்? அந்தப் பணத்தை வேறெங்கும் செலவழிக்க முடியாது, மணி அடித்தால் அது குப்பை. பணத்தின் அளவுக்கும் விலைக்கும் உள்ள தொடர்பை ஒரு படமாக மனத்தில் பதியவைக்க இது உதவும் என்பதை மறுக்கவில்லை; ஆனால் அதைக் கண்டுபிடிப்பு என்று மாணவர்களிடம் சொல்வது நேர்மையாகாது. இரண்டு ஏலங்களுக்கு இடையே பணத்தைச் சேமித்துவைக்க அனுமதித்து, அடுத்த ஏலத்தில் பணம் பெருகலாம் என்ற செய்தியை மட்டும் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. எதிர்பார்ப்பு என்ற ஒன்று உள்ளே நுழைகிறது, விலை முன்கூட்டியே ஏறுமா என்பது ஆசிரியருக்கும் தெரியாது.

கணினியில் ஒரு நாட்டை ஆளும் பயிற்சிகளுக்கும் இதே குறை உண்டு. வட்டியைக் கூட்டினால் வேலையின்மை எவ்வளவு கூடும் என்பதை நிரல் எழுதியவர் ஒரு சமன்பாட்டில் வைத்திருக்கிறார். மாணவர் கற்பது நாட்டின் பொருளாதாரத்தை அல்ல, அந்தச் சமன்பாட்டை. பில் பிலிப்ஸ் 1949இல் லண்டன் பொருளியல் பள்ளியில், வருமானமும் சேமிப்பும் வரியும் குழாய்களிலும் தொட்டிகளிலும் வண்ண நீராக ஓடும்படி அமைத்துக் காட்டிய இயந்திரம் இந்த வகையின் மூதாதை. அதில் குறைந்தபட்சம் குழாய்கள் கண்ணுக்குத் தெரிந்தன.

பங்குச் சந்தைப் போட்டிகளைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. அமெரிக்காவில் 1977 முதல் பள்ளிகளில் நடந்துவரும் இத்தகைய போட்டிகளில், கற்பனைப் பணத்தை உண்மையான பங்குகளில் சில வாரங்களுக்கு முதலீடு செய்து, முடிவில் யாருடைய கணக்கு அதிகமாக வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். செய்தித்தாளைப் படிக்கவும், நிறுவனங்களைப் பற்றித் தேடிப் பார்க்கவும் இது தூண்டுகிறது என்பது உண்மை. ஆனால் முதலிடம் பெறுபவருக்கு மட்டும் பாராட்டு, கடைசி இடத்துக்கும் நடு இடத்துக்கும் வேறுபாடில்லை என்ற விதியை வைத்தால், எல்லாப் பணத்தையும் அதிகம் ஆடும் ஒரே பங்கில் கொட்டுவதே அறிவார்ந்த உத்தியாகிவிடுகிறது. நீண்ட காலம், பரவலான முதலீடு என்று பாடத்தில் சொல்வதற்கு நேர் எதிரானதை விளையாட்டு கற்பிக்கிறது, அதையும் பரிசு கொடுத்துக் கற்பிக்கிறது.

பங்குகளைப் பற்றிக் கற்பிக்க விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்றை 1988இல் ஸ்மித், சுச்சானெக், வில்லியம்ஸ் ஆகியோர் காட்டினார்கள். பதினைந்து சுற்றுகள் வாழும் ஒரு கற்பனைப் பங்கு. ஒவ்வொரு சுற்றிலும் 0, 8, 28, 60 சென்ட் என்ற நான்கில் ஒன்று சம வாய்ப்போடு ஈவுத்தொகையாக விழும். சராசரி 24 சென்ட். எனவே தொடக்கத்தில் அதன் மதிப்பு 15 முறை 24, அதாவது 3.60 டாலர், சுற்றுக்கு 24 சென்டாகக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். எதுவும் மறைக்கப்படவில்லை. ஆயினும் விலைகள் மதிப்பைத் தாண்டி ஏறி, இறுதியை நெருங்கும்போது சரிந்தன. பெருக்கல் தெரிந்த எவரும் கணக்கிடக்கூடிய மதிப்பைவிட அதிகம் கொடுத்து ஏன் வாங்கினாய் என்று கேட்டால், இன்னும் அதிகம் கொடுத்து வாங்க ஒருவர் வருவார் என்று நினைத்தேன் என்ற பதில் வரும். அதே குழு மீண்டும் மீண்டும் ஆடும்போது, மதிப்பைத் தாண்டி விலை ஊதிப்போகும் இந்தக் குமிழி சிறுத்துப்போவதும் இந்த ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் ஒரு ஜாடியில் நாணயங்களை நிரப்பி ஏலம் விடலாம். பேஸர்மனும் சாமுவேல்சனும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், 8 டாலர் பெறுமான ஜாடிகளின் மதிப்பை மாணவர்கள் சராசரியாக 5.13 டாலர் என்று குறைத்தே ஊகித்தார்கள். ஆனாலும் ஏலத்தில் வென்ற தொகைகளின் சராசரி 10.01 டாலர். கூட்டம் மொத்தமாகக் குறைத்து மதிப்பிட்டாலும், மிக அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவரே ஏலத்தை எடுக்கிறார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் பயிற்சி இது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்வதால் மாணவர்கள் உண்மையிலேயே அதிகம் கற்கிறார்களா? கல்லூரி மட்டத்தில் சான்றுகள் உண்டு. எமர்சன், டெய்லர் ஆகியோர் 2004இலும், டிக்கி 2006இலும் வெளியிட்ட ஒப்பீடுகளில், சோதனைகளைச் சேர்த்துக் கற்ற பிரிவுகள் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே மாதிரி வைக்கப்பட்ட தேர்வில் விரிவுரைப் பிரிவுகளைவிட அதிக முன்னேற்றம் காட்டின. டிக்கியின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: விளையாட்டில் ஈட்டிய ஆதாயத்தை மதிப்பெண்ணோடு இணைத்ததால் கூடுதல் பயன் தென்படவில்லை. மேல்நிலைப் பள்ளியில் அவ்வாறு இணைப்பதற்கு எதிராக இன்னொரு காரணமும் இருக்கிறது. 55 அடக்கம் எழுதிய அட்டை கைக்கு வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சம்பாதிக்க முடியாது. அதற்காக மதிப்பெண் குறைந்தால் அவர் பொருளியலை வெறுப்பதில் வியப்பில்லை. புள்ளிகளைப் பலகையில் கூட்டிக் காட்டினாலே போட்டி வேகம் வந்துவிடும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

நடத்தும் முறையில் பெரும்பாலோர் தவறவிடுவது இரண்டு இடங்களில். முதலாவது, ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதிவைக்க வேண்டும்: விலை எங்கே நிற்கும், எத்தனை வியாபாரம் நடக்கும், யார் அதிகம் சம்பாதிப்பார்கள். எழுதிவைக்காவிட்டால், முடிவைப் பார்த்தபின் இது எனக்கு முன்பே தெரியும் என்ற எண்ணம் வந்துவிடும். வியப்படையாத மாணவர் எதையும் திருத்திக்கொள்ள மாட்டார். இரண்டாவது நேரம். நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் விதிகளைச் சொல்லப் பத்து நிமிடமும் ஆட்டத்துக்கு இருபது நிமிடமும் போனால், மீதிப் பதினைந்து நிமிடம் பேச்சுக்கு வேண்டும். ஆட்டம் சுவையாகப் போகிறதே என்று நீட்டிக்கொண்டே போய், மணி அடித்தபின் இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்கும் வகுப்பில் மிஞ்சுவது உற்சாகம் மட்டும்தான். அடுத்த நாளைக்குப் பேச்சைத் தள்ளிப்போடுவதானால், நடந்த விலைகள் வரிசையாக எழுதிய தாள் பத்திரமாக இருக்க வேண்டும். நினைவை நம்பி விவாதிக்கத் தொடங்கினால் ஆளுக்கொரு சந்தையைப் பற்றிப் பேசுவார்கள். அந்தத் தாளிலிருந்து எல்லா அட்டைகளையும் வரிசைப்படுத்தி, தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் மாணவர்களே வரையட்டும். தன் அட்டை அந்தக் கோட்டில் எந்தப் படியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டத் தெரிந்தபின், கோடு என்பது ஆட்களின் வரிசை என்பதை விளக்கத் தேவையிருக்காது.

எதிர்பார்த்தபடி நடக்கவில்லையென்றால் ஆசிரியர் பதறி, நீங்கள் சரியாக விளையாடவில்லை என்று சொல்லிவிடுவதுண்டு. அது பயிற்சியைக் கொன்றுவிடும். விலை 48இல் போய் நின்றுவிட்டதா? முதல் வியாபாரத்தை யார் எந்த விலைக்கு முடித்தார்கள், மற்றவர்கள் அதை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டார்களா, வாங்குபவர்களில் யாராவது கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு நட்டத்துக்கு வாங்கினார்களா என்று தாளைப் பார்த்துத் தேட வேண்டும். சேம்பர்லினின் வகுப்பும் எதிர்பார்த்தபடி நடக்காத வகுப்புதான்.

கடைசியாக, இந்த அட்டைகள் மறைப்பதைப் பற்றி. வெளியுலகில் யாரும் அடக்க விலையை அட்டையில் எழுதிக் கொடுப்பதில்லை. விற்பவருக்கே தம் அடக்கம் சரியாகத் தெரிவதில்லை. வாங்குபவரின் உச்ச விலை அவருடைய விருப்பத்தை மட்டும் காட்டுவதில்லை, அவருடைய கையிருப்பையும் காட்டுகிறது. 150 புள்ளி என்ற அந்த உச்ச ஆதாயத்தைக் கணக்கிடும்போது, 10 மட்டுமே கொடுக்கக்கூடியவருக்குப் பொருள் கிடைக்காததை நாம் இழப்பாக எழுதவில்லை. அவருக்கு அது வேண்டாததாலா, கொடுக்க முடியாததாலா என்று அட்டையில் குறிப்பில்லை. எல்லாச் சுற்றுகளும் முடிந்து கோடுகளும் வரைந்து முடித்தபின், அந்த 10 எழுதிய அட்டையை வைத்திருந்த மாணவரை எழுப்பி, இந்த ஐந்து சுற்றுகளும் உனக்கு எப்படி இருந்தன என்று கேட்கலாம். அவர் ஒவ்வொரு சுற்றிலும் கையைத் தூக்கி 10 என்று கூவியிருப்பார், ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் பேசி முடித்ததும் அட்டைகளைத் திரும்ப வாங்கி, கலைத்து, மறுபடி பகிர்ந்து, இன்னொரு சுற்று நடத்த ஐந்து நிமிடம் மீதம் வைத்திருப்பது நல்லது.